பாதியில் நிற்கும் கணக்கு: சிறு செயலிகள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்



மளிகைக் கடைக்குப் பட்டியல் போடும் செயலி, மருத்துவர் அறைக்கு வெளியே டோக்கன் கொடுக்கும் செயலி, ஊர் நூலகத்தின் இரவல் கணக்கு, சீட்டுப் பிடிப்பவரின் தவணைக் கணக்கு என ஒரே கணினியிலோ ஒரே கைப்பேசியிலோ இயங்கும் சிறு செயலிகளை எழுதித் தருகிறவர்கள் நீங்கள். செயலி சிறியதாக இருக்கலாம். அதனுள் சேரும் கணக்கு, அதை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவருக்குச் சிறியதாக இருப்பதில்லை. அந்தக் கணக்கை எதில் வைப்பது என்ற முடிவு பெரும்பாலும் வேலை தொடங்கிய முதல் நாளிலேயே, பழக்கத்தாலோ, கைக்குக் கிடைத்த மாதிரி நிரலைப் பார்த்தோ, யாரோ வெளியிட்ட வேக ஒப்பீட்டை நம்பியோ எடுக்கப்பட்டுவிடுகிறது. செயலியின் முகப்பு பலமுறை மாறிய பின்பும் அந்த முடிவு மட்டும் மாறாமல் கிடக்கிறது. அதை எடுக்கும்போது வேகத்துக்கும் வசதிக்கும் முன்பாக, கணக்கு பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதையும், அது இப்போது கடைசியில்கூடக் கேட்கப்படுவதில்லை என்பதையும் சொல்லவே இம்மடல் எழுதப்படுகிறது.

கடையில் ஒருவர் பத்துக் கிலோ பொன்னி அரிசியும் இரண்டு லிட்டர் நல்லெண்ணெயும் கடனுக்கு வாங்குகிறார் என்று கொள்ளுங்கள். திரையில் ஒரே ஒரு பொத்தான் அழுத்தப்படுகிறது; உள்ளேயோ பட்டியல் அட்டவணையில் ஒரு வரியும், பட்டியலுக்குரிய பொருள் அட்டவணையில் இரண்டு வரிகளும் சேர வேண்டும், இருப்பில் அரிசியும் எண்ணெயும் தனித்தனியே குறைய வேண்டும், வாங்கியவரின் பற்றுக் கணக்கில் தொகை ஏற வேண்டும். ஆறு மாற்றங்களில் ஐந்து முடிந்து, ஆறாவது முடிவதற்குள் மின்சாரம் போய்விட்டால், மறுநாள் காலையில் அரிசியும் இல்லை, அதற்குரிய கடனும் இல்லை. செயலி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் வழக்கம்போலத் திறக்கும். மாதங்கள் கழித்து இருப்பெடுக்கும் நாளில்தான் கணக்கு உதைக்கும். அப்போது சந்தேகம் செயலியின் மீது விழாது, கடையில் வேலை பார்க்கும் பையன் மீதுதான் விழும். இந்தத் தவற்றின் கொடுமையே, அது நிகழ்ந்த நேரத்தில் தெரியாமல், தொடர்பில்லாத ஒருவரின் தலையில் போய் இறங்குவதுதான்.

சேர்ந்து நடக்க வேண்டிய இந்த ஆறு மாற்றங்களை ஒரே செயலாகக் கருதி, ஒன்று முழுவதும் நடக்க வேண்டும், இல்லையேல் ஒன்றுமே நடந்திருக்கக் கூடாது என்று தரவுத்தளத்திடம் ஒப்படைக்கும் முறைக்குப் பரிவர்த்தனை என்று பெயர். ஜிம் கிரே 1981இல் எழுதிய கட்டுரையில் இக்கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். 1983இல் தியோ ஹேர்டரும் ஆந்திரயாஸ் ராய்ட்டரும் அதன் நான்கு பண்புகளையும் தொகுத்து, இன்றைக்கு எல்லோரும் சொல்லும் ‘ஆசிட்’ என்ற சுருக்கப் பெயரை வைத்தார்கள். பாதியில் நில்லாமை, விதி மீறாமை, ஒன்றின் அரைகுறை வேலை மற்றொன்றின் கண்ணில் படாமை, முடிந்தது என்று சொன்னபின் அழியாமை என்பன அந்நான்கு. இவற்றில் முதலாவதையும் நான்காவதையும் பல விளம்பரங்கள் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆனால் பாதியில் நில்லாத ஒரு தரவுத்தளம், முடிந்ததாகச் சொன்ன கடைசிச் சில பரிவர்த்தனைகளை மின்வெட்டில் இழந்துவிடக்கூடும் என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வரும் தேர்வெல்லாம் இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது.

உங்களில் ஒரு சாரார் தரவுத்தளமே வேண்டாம் என்று கருதி, எல்லாவற்றையும் ஒரு ஜேசன் கோப்பில் எழுதி வைக்கிறீர்கள். சிறிய செயலிக்கு இது போதாதா என்று நீங்கள் கேட்கும் கேள்வி நேர்மையானதுதான். விடை கோப்பு முறைமைகளின் வரலாற்றில் இருக்கிறது. நிரல் ஒரு கோப்பை எழுதத் திறக்கும்போது பழைய உள்ளடக்கம் உடனே வெட்டி எறியப்படுகிறது. புதிய உள்ளடக்கமோ இயங்குதளத்தின் நினைவகத்தில் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுத்தான் வட்டுக்குப் போகிறது. 2009ஆம் ஆண்டு லினக்ஸில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவத் தொடங்கியபோது, கணினி திடீரென நின்றுபோனால் பயனர்களின் அமைப்புக் கோப்புகள் சுழிய அளவில் கிடந்தது பெரும் விவாதத்துக்கு உள்ளானது. கோப்பு முறைமை தனக்குரிய விதிப்படியே நடந்துகொண்டது. எழுதியது வட்டில் சேர்ந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளாமல் நிரல்கள்தாம் விட்டிருந்தன. தற்காலிகக் கோப்பில் எழுதி, ‘எஃப்சிங்க்’ என்னும் அழைப்பால் அதை வட்டில் இறக்கி, பிறகு பெயர் மாற்றி, கோப்புறையையும் வட்டில் இறக்க வேண்டும் என்பது அறிந்தோர் சொல்லும் வழி. அதைச் சரியாகச் செய்தாலும் ஒரே ஒரு கோப்புக்குத்தான் அது காப்பு. பட்டியல் ஒரு கோப்பிலும் இருப்பு வேறொரு கோப்பிலும் இருந்தால் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இந்த வேலையைத் தாமே செய்துகொள்ள முடியும் என்று நம்புகிறவர்கள், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். தேர்ந்த கைகள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பதினொரு மென்பொருள்களை எடுத்துக்கொண்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி நின்றுவிட்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன நேரும் என்று அவர்கள் ஆராய்ந்தபோது, மொத்தம் 60 பலவீனங்கள் வெளிப்பட்டன. தரவுத்தளங்களும் நிரல் பதிப்புகளைக் காக்கும் கருவிகளும் அந்தப் பதினொன்றில் இருந்தன. இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த நிலை என்றால், பட்டியல் அச்சிடும் வேலைக்கு நடுவே மாலை நேரத்தில் எழுதப்படும் கோப்புச் சேமிப்பு நிரலை என்னவென்று நம்புவது?

மற்றொரு சாரார் நேர் எதிர்த் திசையில் போகிறீர்கள். ஒரே கணினியில் ஒரே ஆள் பயன்படுத்தும் செயலிக்கும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் போன்ற சர்வரை நிறுவிக் கொடுக்கிறீர்கள். அவை சிறந்த தரவுத்தளங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சர்வர் என்பது தனியே ஓடிக்கொண்டிருக்க வேண்டிய மற்றொரு நிரல் ஆதலால், அதற்கு ஒரு கடவுச்சொல்லும் ஒரு போர்ட்டும் வேண்டும், அவ்வப்போது பதிப்பு உயர்வு வேண்டும், அது நின்றுபோனால் எழுப்பிவிட ஆளும் வேண்டும். கடைக்காரரிடம் அந்த ஆள் இல்லை. நீங்களோ நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். உட்பொதி தரவுத்தளம் என்பது இதற்கு மாறாக, உங்கள் செயலியோடு சேர்த்துக் கட்டப்படும் ஒரு நிரலகமாக இருந்து, செயலியின் உள்ளிருந்தபடியே வட்டிலுள்ள கோப்பை நேரடியாகப் படித்து எழுதுகிறது; தனியே தொடங்கவோ நிறுத்தவோ அதில் எதுவும் இல்லை.

இன்று மிகப் பரவலாக இருக்கும் எஸ்கியூலைட் பிறந்ததே இந்தக் குறையிலிருந்துதான். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணை அழிகப்பலுக்காகச் சேதக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றில் வேலை செய்தபோது, பின்னால் இருந்த தரவுத்தள சர்வர் நின்றுபோகும் நேரங்களில், தவறேதும் செய்யாத செயலியும் சேர்ந்து முடங்கிப்போனது. சர்வரே இல்லாமல் கோப்பிலிருந்து நேரே படித்தால் என்ன என்ற எண்ணம் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் பதிப்பாக வெளிவந்தது. அந்த முதல் பதிப்பு, தரவைச் சேமிக்க ஜிடிபிஎம் என்ற வேறொரு நிரலகத்தை நம்பியிருந்தது. ஜிடிபிஎம்மில் பரிவர்த்தனை இல்லை. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பு ஜிடிபிஎம்மைக் கழற்றி எறிந்துவிட்டுத் தனக்கென ஒரு சேமிப்பு அமைப்பை எழுதிக்கொண்டதோடு, பரிவர்த்தனையையும் அப்போதுதான் பெற்றது. சிறு செயலிக்குப் பரிவர்த்தனை மிகையான வசதி என்று கருதுகிறவர்கள், சிறு செயலிக்கென்றே பிறந்த இந்தத் தரவுத்தளம் அடுத்த ஆண்டே எதற்காகத் தன் அடித்தளத்தையே மாற்றிக்கொண்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் அதைச் சரியாகப் பயன்படுத்துவது அரிது. எஸ்கியூலைட்டின் இயல்பான முறையில், ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன் அதன் பழைய உள்ளடக்கம் ‘ஜர்னல்’ என்று முடியும் பெயருள்ள துணைக் கோப்பில் படியெடுக்கப்பட்டு வட்டில் இறக்கப்படுகிறது; அதன் பிறகே மூலக் கோப்பு மாற்றப்படுகிறது; மாற்றம் முழுவதும் வட்டில் சேர்ந்தபின் துணைக் கோப்பு நீக்கப்படுகிறது. அந்த நீக்கமே பரிவர்த்தனை முடிந்ததன் அடையாளம். இடையில் மின்சாரம் போயிருந்தால், அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது துணைக் கோப்பு இன்னும் இருப்பதைக் கண்டு, தரவுத்தளம் பழைய பக்கங்களை எடுத்து வைத்துக் கணக்கை முந்தைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. 2010இல் 3.7.0 பதிப்போடு வந்த ‘வால்’ முறை இதைத் திருப்பிப் போட்டது: மூலக் கோப்பைத் தொடாமல் புதிய பக்கங்கள் ஒரு பதிவுக் கோப்பின் கடைசியில் சேர்க்கப்பட்டுக்கொண்டே போய், பிறகு மொத்தமாக மூலக் கோப்புக்கு ஏற்றப்படுகின்றன. அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதிவிட்டுப் பேரேட்டில் பிறகு ஏற்றும் கணக்குப்பிள்ளையின் வழக்கமே இது. இம்முறையில் ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம் என்பதால், திரையில் அறிக்கை ஓடும் நேரத்தில் பட்டியல் போடுவது தடைப்படுவதில்லை.

இனி உங்கள் மீதுள்ள குறையை நேராகச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு கவனமாகக் கட்டப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பாதுகாப்பை உங்கள் கையாலேயே அவிழ்த்து விடுகிறீர்கள். ஆயிரம் பொருள்களைச் சேர்க்கும் நிரல் மெதுவாக ஓடுகிறது என்று கண்டதும், வட்டில் இறக்குவதை உறுதிசெய்யும் ‘சின்க்ரனஸ்’ அமைப்பையே அணைத்துவிடும்படி ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்கிறீர்கள். மெதுவுக்குக் காரணம் வேறு. ‘பிகின்’ சொல்லாமல் வரும் ஒவ்வொரு கட்டளையையும் எஸ்கியூலைட் தனித்தனிப் பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில், வட்டு இருமுறை சுற்றி வரும் வரை ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருப்பதால், நொடிக்கு ஏறத்தாழ 60 பரிவர்த்தனைகளே நடக்கும் என்று அதன் ஆவணமே கணக்குச் சொல்கிறது. அந்த ஆயிரம் கட்டளைகளையும் ஒரு ‘பிகின்’னுக்கும் ஒரு ‘கமிட்’டுக்கும் நடுவே வைத்தால், சாதாரண மேசைக் கணினியிலேயே நொடிக்கு 50,000க்கும் மேற்பட்ட வரிகள் சேரும். வேகமும் காப்பும் ஒரே வழியில் கிடைக்கும்போது, காப்பை விற்று வேகம் வாங்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அணைப்பதற்கும் முழுதாக வைப்பதற்கும் நடுவே ‘நார்மல்’ என்ற நிலையும் உண்டு. வால் முறையில் அதை வைத்தால், மின்வெட்டில் கோப்பு சிதையாது, ஆனால் கடைசியாக முடிந்த சில பரிவர்த்தனைகள் இல்லாமல் போகலாம். கைப்பேசியில் படித்த செய்தியின் குறியீட்டைச் சேமிப்பதற்கு அது போதும். பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்த செயலிக்குப் போதாது.

ரசீது என்றதும் மற்றொன்று. அச்சடித்த தாளைத் திரும்ப வாங்கும் ஆற்றல் எந்தத் தரவுத்தளத்துக்கும் இல்லை. எனவே ‘கமிட்’ வெற்றி என்று திரும்பி வந்த பிறகே அச்சுப்பொறிக்குக் கட்டளை போக வேண்டும். பட்டியல் எண்ணும் அதே பரிவர்த்தனைக்குள் எடுக்கப்பட வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி விதிகள் பட்டியலுக்குத் தொடர் எண் கேட்கின்றன என்பதால், முன்கூட்டியே எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பாதியில் கைவிடும் நிரல், கடைக்காரருக்குத் தணிக்கையில் வீண் விளக்கம் சொல்லும் நிலையைத் தேடித் தருகிறது.

இரண்டு கல்லாக்கள் உள்ள கடைகளில் சிக்கல் வேறு வகையில் வருகிறது. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். கடைசியாக இருக்கும் ஒரே டின் எண்ணெயை இரண்டு நிரல்களும் படித்துவிட்டு, இருப்பு ஒன்று என்று இரண்டும் முடிவு கட்டிக்கொண்டு எழுத வந்தால், அவற்றில் ஒன்றுக்குத் தரவுத்தளம் வேலையில் இருக்கிறது என்ற பிழை திரும்பி வரும். அது தரவுத்தளம் கணக்கைக் காத்ததற்கான அறிகுறி. அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் நிரல்தான் குற்றவாளி. படித்து, முடிவெடுத்து, எழுதும் பரிவர்த்தனைகளை ‘பிகின் இமீடியட்’ என்று தொடங்கினால், எழுதும் பூட்டு முதலிலேயே கிடைத்துவிடும்; பூட்டுக்காகச் சில நொடிகள் காத்திருக்கும்படி ஒரு கால அளவையும் வைத்துவிட்டால் பயனருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த இரு கல்லாக்களும் இரு கணினிகளாக இருந்து, கோப்பு பகிர்ந்த நெட்வொர்க் கோப்புறையில் இருக்குமானால், உட்பொதி தரவுத்தளத்தை அங்கே பயன்படுத்தாதீர்கள். பல நெட்வொர்க் கோப்பு முறைமைகளில் பூட்டுகள் சரியாக வேலை செய்வதில்லை. வால் முறையோ, பயன்படுத்துவோர் அனைவரும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதை எதிர்பார்ப்பது. அந்த இடத்தில் சர்வர் வைப்பதே முறை, அதற்குரிய பராமரிப்பையும் விலையில் சேர்த்துச் சொல்லிவிடுவதே நேர்மை.

எஸ்கியூலைட் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். ஹாவர்டு சூ, ஓபன்எல்டாப் அடைவு சர்வருக்காக எழுதி 2011இல் வெளிவந்த எல்எம்டிபி, எஸ்கியூஎல் மொழி தெரியாத, திறவுச்சொல்லுக்கு மதிப்பு என்ற எளிய வடிவில் தரவை வைக்கும் நிரலகம். பழைய பக்கத்தை ஒருபோதும் மேலெழுதாமல், மாற்றத்தைப் புதிய பக்கத்தில் எழுதிவிட்டு, கடைசியில் கோப்பின் தலைப்புப் பக்கங்கள் இரண்டில் ஒன்றை மாற்றி மாற்றிப் புதுப்பிப்பதால், மின்வெட்டுக்குப் பின் அதற்கு மீட்பு வேலை என்றே ஒன்று இல்லை. கோப்பின் உச்ச அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும், படிக்கும் பரிவர்த்தனையை முடிக்காமல் விட்டுவைத்தால் கோப்பு வீங்கிக்கொண்டே போகும் என்பதும் அதனோடு வரும் கடமைகள். கூகுளில் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதிய லெவல்டிபி, எழுத வேண்டிய பல மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து ஒருசேர நிறைவேற்றும். படித்து முடிவெடுத்து எழுதும் முழுப் பரிவர்த்தனை அதில் இல்லை, எனவே கடைசி டின் எண்ணெய்ச் சிக்கலை அது தீர்க்காது. அதிலிருந்து ஃபேஸ்புக்கில் வளர்ந்த ராக்ஸ்டிபியில் அது உண்டு, ஆனால் அது சிறு கடைக்கு வேண்டிய அளவைவிட மிகப் பெரிய கருவி. பெர்க்லி டிபி இத்துறையின் மூத்தது. 2006இல் ஆரக்கிள் கைக்குப் போய், 2013இல் அதன் உரிமம் மாறியது என்பதால், மூல நிரலை வெளியிடாமல் செயலியை விற்கிறவர்கள் உரிமத்தைப் படிக்காமல் அதைத் தொடக் கூடாது. நாளை சர்வருக்கு மாற வேண்டிவரும் என்று இன்றே தெரிந்தால் ஃபயர்பேர்டின் உட்பொதி வடிவம் நல்ல தேர்வு, ஏனெனில் அதே கோப்பைப் பின்னர் அதன் சர்வரும் திறக்கும். ஜாவாவில் எழுதுவோர் விரும்பும் எச்2, முடிந்த பரிவர்த்தனைகள் எல்லாம் மின்வெட்டுக்குத் தப்பும் என்று தான் உறுதி தரவில்லை என்பதைத் தன் ஆவணத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். சொன்னதைக் கேட்டும் நடக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டக்டிபி பரிவர்த்தனையை ஆதரித்தாலும், பல லட்சம் வரிகளைக் கூட்டிக் கழித்து ஆராய்வதற்கென்று அமைந்தது. நிமிடத்துக்கு நாலு பட்டியல் போடும் வேலைக்கு அதை இழுக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே கணினி, ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகள், பணம் அல்லது பொருள் கணக்கு என்ற சூழலில் எஸ்கியூலைட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது இம்மடலின் தீர்ப்பு. அதன் மூல நிரல் பொதுவுடைமையாக விடப்பட்டிருப்பதும், 2050 வரை அதைப் பேணுவதாக அதன் ஆக்கியோர் அறிவித்திருப்பதும் இத்தீர்ப்புக்குக் கூடுதல் வலு.

தேர்ந்தெடுத்தபின் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இல்லாத வாடிக்கையாளரின் பெயரில் பற்று எழுதப்படாமல் தடுக்கும் அயல்திறவு விதி, எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைந்தே இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பைத் திறக்கும்போதும் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். எண்ணுக்குரிய நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் அது வாங்கிக்கொள்ளும் என்பதால், 2021 முதல் கிடைக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ அட்டவணைகளைப் பயன்படுத்துங்கள். இவற்றையெல்லாம்விட மிகுதியாகக் கணக்கைக் கெடுப்பது, கோப்பை வெறுமனே படியெடுக்கும் பழக்கம். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது மூலக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டால், வால் கோப்பில் இருக்கும் அன்றைய கணக்கு வராது; எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் படி சிதைந்தே வரும். மின்வெட்டுக்குப் பிறகு கோப்புறையில் கிடக்கும் ஜர்னல் கோப்பைக் குப்பை என்று எண்ணிக் கணினி பழுதுபார்ப்பவர் அழித்துவிட்டால், பாதி மாற்றத்தைத் திருப்பிப் போடும் ஒரே வழியும் அதோடு போய்விடுகிறது. இதற்கென்றே உள்ள பேக்கப் அழைப்பும், 2019 முதல் கிடைக்கும் ‘வேக்குவம் இன்டு’ என்ற ஒற்றைக் கட்டளையும் ஓடும் செயலியிலிருந்தே முழுமையான படி எடுத்துத் தருகின்றன. அதைத் திரையில் ஒரு பொத்தானாக வைத்துக் கொடுப்பது உங்கள் அரைநாள் வேலை. அது இல்லாததால்தான் கடைக்காரர் கோப்பைத் தேடிப் போய்ப் படியெடுக்கிறார்.

உங்களிடம் இம்மடல் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த செயலிக்குத் தரவுத்தளம் தேர்ந்தெடுக்கும் முன், எந்தெந்த மாற்றங்கள் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு தேர்வு செய்யுங்கள். செயலி முடிந்ததும், வாடிக்கையாளர் பயன்படுத்தப்போகும் அதே வகைக் கணினியில், பட்டியல்களை இடைவிடாமல் சேர்க்கும் ஒரு சோதனை நிரலை ஓடவிட்டு, ‘கமிட்’ ஆன ஒவ்வொரு பட்டியல் எண்ணையும் வேறொரு கணினிக்கு அனுப்பி வைத்துக்கொண்டு, நடுவில் மின்இணைப்பைப் பிடுங்குங்கள். செயலியை மட்டும் வலுக்கட்டாயமாக மூடிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அப்போது இயங்குதளம் உயிரோடு இருப்பதால், நினைவகத்தில் காத்திருக்கும் மாற்றங்களை அது பிறகு நிதானமாக வட்டில் சேர்த்துவிடும், குறை வெளியே தெரியாது. மடிக்கணினியாக இருந்தால் மின்கலத்தையும் கழற்ற வேண்டும். கணினி மீண்டும் எழுந்ததும், கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று தரவுத்தளத்தின் சரிபார்ப்புக் கட்டளையால் பாருங்கள். அனுப்பி வைத்த எண்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா, ஒவ்வொரு பட்டியலுக்கும் உரிய இருப்புக் குறைவும் பற்றும் சேர்ந்தே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மலிவான வட்டுகளில் சில, எழுதி முடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டதாகச் சொல்லக்கூடியவை. எந்த நிரலகமும் தனியாக அதைக் கண்டுபிடிக்க முடியாது, இந்தச் சோதனை கண்டுபிடிக்கும். ஒரு முறையோடு நிறுத்தாமல், வெவ்வேறு நொடிகளில் பல முறை பிடுங்குங்கள்.

கணக்கு குறைந்தால் தன் நினைவாற்றலைக் குறைசொல்லிக்கொள்ளும் கடைக்காரருக்கு இந்தச் சோதனையைச் செய்யத் தெரியாது. செய்ய வேண்டும் என்று உங்களிடம் கேட்கவும் தெரியாது. அவரிடமிருந்து பணம் வாங்குவதற்கு முன் அதை நீங்கள் செய்யுங்கள். சோதனையில் கணக்கு பாதியில் நின்றால், செயலியை அன்றைக்குக் கொடுக்காதீர்கள்.